பழைய ஜன்னல் கண்ணாடி வழியவில்லை
கண்ணாடி மெதுவாக வழிகிற திரவம், அதனால்தான் பழைய ஜன்னல்களில் அடிப்பக்கம் தடித்திருக்கிறது என்று கண்ணாடி பற்றி நான் படித்த ஒரு கட்டுரையில் வருவது சரியில்லை. கானாடுகாத்தானில் எங்கள் ஐயா வீட்டு முகப்பைப் பழுது பார்த்தபோது, கழற்றிய வண்ணக் கண்ணாடிகளை விரலால் தடவிப் பார்த்தேன். ஒன்றில் மேல்பக்கம் தடிப்பு, இன்னொன்றில் இடப்பக்கம். ஊதிச் செய்த பழங்காலக் கண்ணாடி எங்கும் ஒரே கனத்தில் வராது, அவ்வளவுதான். கண்ணாடிக்குள் அணுக்கள் வரிசையில்லாமல் கிடப்பது உண்மை, ஆனால் கிடந்த இடத்திலேயே உறைந்தவை. 1960-இல் தங்கம், சிலிக்கான் கலவையை மிக வேகமாகக் குளிரவைத்து உலோகத்தையே அப்படி உறைய வைத்தார்கள். அப்புறம், இந்த ஒழுங்கின்மையைக் குறை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. செட்டிநாட்டு வீடுகளில் தரைக்குப் பதிக்கிற ஆத்தங்குடிக் கல்லைக் கண்ணாடித் தகட்டின் மேல்தான் வார்க்கிறார்கள். காய்ந்தபின் தகட்டைப் பிரித்தால், மெருகே போடாத சிமெண்டில் முகம் தெரியும். அந்த வழவழப்பு முழுக்க, ஒழுங்கில்லாத அந்தக் கண்ணாடி கொடுத்தது.