போன் வீட்டில் இருக்கு, யாருக்க கையில இருக்கு?

கன்னியாகுமரி மாவட்டம் என்றதும் நாம் முதலில் எடுத்துவிடுவது எழுத்தறிவுக் கணக்கைத்தான். 2011 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 92 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம். சரி, பெருமைதான். ஆனால் படிப்பு இருந்தால் இணையம் தானாக வந்துவிடும் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

அண்டி ஆபீசுக்கு, அதாவது முந்திரிப்பருப்பு ஆலைக்கு, வேலைக்குப் போகும் அக்காமாரைப் பாருங்கள். பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் உண்டு. வீட்டில் ஸ்மார்ட்போனும் உண்டு. ஆனால் அது வீட்டுக்காரர் கையிலோ பயலுக்க கையிலோதான். ஆதாரில் சேர்த்த நம்பரும் அந்த ஆண்களுடையதே. இ-சேவை மையத்தில் இவர் நிற்பார், ஓடிபி எங்கேயோ வேலையில் நிற்கும் மகனுக்குப் போகும். மீன்பிடி ஊர்களான தூத்தூர், வள்ளவிளைப் பக்கம் இன்னும் மோசம். ஆழ்கடலுக்குப் போனவர் திரும்ப வாரக்கணக்காகும், நம்பரும் அவரோடு சிக்னல் எட்டாத கடலில் கிடக்கும்.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில், இணையத்தை ஒருமுறையாவது பயன்படுத்திய பெண்கள் இந்திய அளவில் 33 சதவீதம், ஆண்கள் 57. தமிழ்நாடு இதைவிட மேல், ஆனாலும் இடைவெளி பெரிதுதான். இன்னொன்று, அந்த ஆய்வில் பெண்களிடம் கேட்டது 15 முதல் 49 வயது வரைக்கும்தான். அதைத் தாண்டிய நம் அம்மைமார் அந்த 33-இலும் இல்லை, மீதி 67-இலும் இல்லை!

வயதானவர்களுக்கு வராது என்று சொல்பவர்கள் வளைகுடாவில் மகன் இருக்கும் வீட்டுக்குப் போய்ப் பார்க்கட்டும். துபாயில் வாட்ஸ்அப் கால் போகாது என்று தெரிந்து, அங்கே அனுமதி உள்ள போட்டிம் (BOTIM) செயலியில் பேரனைக் கூப்பிடும் பாட்டிமார் எத்தனை பேர்! பேரன் முகத்தைப் பார்க்கணும், அதனால் படித்துக்கொண்டார்கள். அதே பாட்டிக்கு பென்ஷன் விண்ணப்பத்தை நிரப்ப வராது. குற்றம் பாட்டி மேல் இல்லை. வீடியோ காலுக்கு முகப்படத்தைத் தொட்டால் போதும். விண்ணப்பமோ படித்தவனுக்கே புரியாத தமிழில் பத்து கட்டம் கேட்கிறது, பாதியில் நின்றால் முதலிலிருந்து ஆரம்பிக்கணும்.

என்னைக் கேட்டால், இனி எந்தக் கணக்கெடுப்பிலும் ‘வீட்டில் இணைய வசதி உண்டா’ என்று குடும்பத் தலைவரிடம் கேட்டு டிக் போட்டுப் போகக் கூடாது. ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்கணும்: உங்களுக்கென்று போன் உண்டா, சிம் யார் பெயரில், ஓடிபி யாருக்கு வரும்? 50 தாண்டியவர்களிடமும் கேட்கணும். பக்கத்தில் நின்று பதில் சொல்லித்தர வீட்டு ஆண்களை விடக் கூடாது.