தள்ளினால் எரியவும் இழுத்தால் அணையவும் ஒரு ரோச் லைற் போதும்

வயதானவர் ஒருவர் இருட்டில் கையில் எடுத்ததும் எரிய வேண்டும்; வேண்டாம் என்றதும் அணைய வேண்டும். ஒரு ரோச் லைற்றிடம் நான் கேட்பது இவ்வளவுதான். சார்ஜ் ஏற்றிப் பாவிக்கக்கூடிய அப்படியொன்றைத் திருகோணமலை மத்திய வீதியிலும் பிரதான வீதியிலும் கடை கடையாகத் தேடி அலுத்துவிட்டேன். கண்ணாடிப் பெட்டி நிறைய ரோச் லைற்றுகள் அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஒன்று ஐந்து விதமாக எரிகிறது, இன்னொன்றில் சைரன் இருக்கிறது, வேறொன்றில் ரேடியோவும் பாட்டும் இருக்கின்றன, மற்றொன்றின் முகப்பை இழுத்தால் வெளிச்சம் ஊசி போலக் கூராகிறது. எண்பது வயதைக் கடந்த ஒருவர் எவர் உதவியும் இல்லாமல் போட்டு அணைக்கக்கூடியது எது என்று கேட்டால் மட்டும் கடைக்காரர் முகத்தைப் பார்க்கிறார். "இப்ப வாறதெல்லாம் இப்பிடித்தான் தம்பி வருது" என்கிறார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அவருக்கு வருவதைத்தான் அவர் விற்கிறார்.

என் கோபமெல்லாம் அந்த ஒற்றைப் பொத்தான் மீதுதான். முதல் அழுத்தில் முழு வெளிச்சம், இரண்டாவது அழுத்தில் பாதி, மூன்றாவதில் மங்கல், நான்காவதில் கண்ணைக் கூசும் மின்னல், ஐந்தாவதில் கடலில் தத்தளிக்கும் கப்பலுக்குரிய மூன்று குறில் மூன்று நெடில் மூன்று குறில் ஆபத்துக்குறி. அதையும் கடந்தால்தான் அணையும். பாலையூற்றில் இருக்கும் என் அம்மம்மாவுக்கு விரல் மூட்டுகள் வீங்கி, கையில் நடுக்கமும் உண்டு. அவர் ஒரு தடவை அழுத்துவதாக நினைத்து அழுத்தும்போது அந்தப் பொத்தான் அதை இரண்டு மூன்று அழுத்தங்களாக எண்ணிக்கொள்கிறது. கடந்த மாரியில் கரண்ட் போன ஓர் இரவு, பின்வளவில் இருக்கும் மலசலகூடத்துக்குப் போக எழும்பியவரின் கையில் அது மின்னத் தொடங்கிவிட்டது. "ராசா, இது நிக்குதில்லை" என்று கூப்பிட்டபடி, ஒரு கையில் குடையும் மறு கையில் அந்த மின்னலுமாக, நனைந்த படியின் விளிம்பு தெரிந்தும் தெரியாமலும் நின்றுகொண்டிருந்தார். புடையன் பாம்பு ஈரத்துக்கு வளவுக்குள் ஏறிவரும் காலம் அது. அந்த நேரத்தில் எங்கள் அம்மம்மாவுக்குக் கப்பலின் ஆபத்துக்குறி எதற்கு? அதை அங்கே வைத்தவர் எந்த முதியவரை மனதில் நினைத்து வைத்தார்?

வெளிச்சம் கூடக்கூட நல்லது என்ற எண்ணமும் இவர்களைப் பிடித்து ஆட்டுகிறது. வயது ஏற ஏறக் கண்மணி சுருங்கி, வில்லையும் மஞ்சளாகிவிடுவதால், அறுபது வயதுக் கண்ணின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சம் இருபது வயதுக் கண்ணுக்குக் கிடைப்பதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். ஆகவே அவர்களுக்குப் போதிய வெளிச்சம் வேண்டும் என்பது உண்மை. ஆனால் அதே கண்ணில் வெண்புரையும் படர்ந்திருந்தால், நீலம் கலந்த கடும் வெள்ளை ஒளி உள்ளே சிதறிப் பார்வையையே மறைத்துவிடுகிறது. வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குக் கண் பழகுவதற்கும் அவர்களுக்குக் கூடிய நேரம் எடுக்கும். முதியவருக்குத் தேவை காலடியில் பரந்து விழும் மஞ்சள் சாயலான வெளிச்சம். தென்னை வட்டைத் துலக்கிக் காட்டும் கூர் ஒளிக்கற்றை அவருக்கு எதற்கும் உதவாது. பெட்டியின் மேல் வெளிச்சத்தின் அளவை ஆயிரக்கணக்கில் லூமன் என்று அச்சடிப்பவர்கள் இதை ஒரு கணமாவது யோசித்திருக்க வேண்டும். 18650 என்ற அளவுடைய ஒற்றை லித்தியம் மின்கலம் 9900 மில்லி அம்பியர் மணி மின்சாரம் கொள்ளும் என்று கூசாமல் போட்டு விற்கிறார்களே, தரமான நிறுவனங்கள் செய்யும் அதே அளவு மின்கலமே 3500 அளவில்தான் நிற்கிறது. இது பச்சைப் பொய்.

வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்பும் விலையுயர்ந்த ரோச் லைற்றுகளின் கதை இன்னும் மோசம். பொலிஸ்காரரும் மலையேறுபவரும் பாவிப்பதற்குச் செய்தவற்றை, நல்ல பொருள் என்ற அன்பினால் கனடாவிலிருந்து தாய்க்கு அனுப்புகிறார்கள். அவற்றுள் சிலவற்றில் தொடர்ந்து நான்கு முறை அழுத்தினால் பொத்தான் பூட்டிக்கொள்ளும் ஏற்பாடு உண்டு. நடுங்கும் கை அந்த நான்கையும் தன்னை அறியாமலே அழுத்திவிடுகிறது. பிறகு அந்த ரோச் லைற் பழுதாகிவிட்டது என்று அலுமாரிக்குள் போகும். முழுச் சார்ஜோடு அங்கேயே கிடக்கும்.

இனிச் சார்ஜ் ஏற்றும் விடயத்துக்கு வருகிறேன். இதைப் பற்றி எழுதும்போது எனக்குக் கை பதறுகிறது. மலிவான ரோச் லைற்றுகளின் அடியில் இழுத்து வெளியே எடுக்கும் இரண்டு பின்கள் இருக்கும். நம்முடைய வீடுகள் பலவற்றில் இருப்பதோ 13 அம்பியர் மூன்று பின் பிளக் பொயின்ற். மேலே உள்ள நீளமான பின் நுழைந்தால்தான் கீழ்த்துளைகளின் மறைப்பு விலகும் என்பது குழந்தைகளின் பாதுகாப்புக்காகச் செய்த ஏற்பாடு. அந்த இரண்டு பின்னையும் செருகுவதற்காக நம் முதியவர்கள் என்ன செய்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்: மேல்துளைக்குள் ஈர்க்கையோ பேனையையோ குத்திப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் ரோச் லைற்றை அமத்துகிறார்கள். மேல்துளையில் இருப்பது புவித்தொடுப்பு மட்டுமே என்றாலும், திறந்துவிட்ட கீழ்த்துளையில் 230 வோல்ற் காத்திருக்கிறது. போதாததற்கு, இந்த மலிவு ரகங்களில் பெரும்பாலானவற்றின் உள்ளே வீட்டு மின்சாரத்தைப் பிரித்து வைக்கும் நிலைமாற்றி (ட்ரான்ஸ்ஃபோமர்) எதுவும் இல்லை. ஒரு கொள்ளளவியை (கப்பாசிற்றர்) வைத்து வீட்டு மின்சாரத்தை நேரடியாகக் குறைத்துத்தான் பற்றரிக்குக் கொடுக்கிறார்கள். அதனால் சார்ஜில் இருக்கும்போது உள்ளே உள்ள எந்தக் கம்பியும் பாதுகாப்பானதல்ல. தண்ணீர் அள்ளிய ஈரக் கையோடு வரும் ஒரு கிழவியிடம் இப்படியொரு பொருளைக் கொடுப்பதற்கு எப்படித்தான் மனம் வருகிறது?

எங்கள் ஊர்க் காலநிலைக்கும் இந்தப் பொருள்களுக்கும் துளியும் ஒத்துவராது. மாசியிலிருந்து புரட்டாதி வரை ரோச் லைற்றைத் தேடுகிறவர் குறைவு. ஐப்பசி பிறந்து வடகீழ்ப் பருவக்காற்றோடு மழை இறங்கி, கிளை முறிந்து கம்பியில் விழத் தொடங்கிய பிறகுதான் அதன் நினைவே வரும். இடையில் கிடந்த மாதங்களில் மலிவு ரகங்களின் உள்ளேயுள்ள ஈய அமிலப் பற்றரி தானாகவே வடிந்து, வடிந்த நிலையிலேயே கிடந்து, தகடுகளில் உப்புப் படிந்து செத்துவிடும். செத்த பிறகும் சார்ஜில் போட்டால் சிவப்பு விளக்கு ஒழுங்காக எரியும். அதைப் பார்த்து அம்மம்மா இரவு முழுவதும் நம்பிக்கையோடு சார்ஜ் ஏற்றுவார். கரண்ட் போனதும் அது ஐந்து நிமிடம் எரியும்.

லித்தியம் மின்கலம் போட்டவை எவ்வளவோ மேல். வருடக்கணக்கில் நிற்கும், சும்மா கிடந்தாலும் மெதுவாகத்தான் வடியும். அதிலும் ஒரு கொடுமை இருக்கிறது. மின்கலம் கெடாமல் இருக்கக் குறிப்பிட்ட வோல்ற்றளவுக்கு இறங்கியதும் பாதுகாப்புச் சுற்று வெட்டிவிடுவதால், நன்றாக எரிந்துகொண்டிருந்த லைற் கிணற்றடியில் நிற்கும்போது ஒரே நொடியில் அணைந்துவிடுகிறது. பெரிய பற்றரி இரண்டு போட்டுப் பாவித்த அந்தக் காலத்துத் தகர ரோச் லைற் மஞ்சளாகி, மங்கி, நாளைக்குப் பற்றரி மாற்று என்று முன்கூட்டியே சொல்லிவிடும். அதன் சுவிச்சும் தள்ளுவது. பெருவிரலை வைத்துப் பார்த்தாலே எரிகிற நிலையா அணைந்த நிலையா என்று கண் தெரியாதவருக்கும் விளங்கும். பற்றரி பொங்கி உள்ளே துருப்பிடிப்பதும், மாதா மாதம் பற்றரிக்குக் காசு கொடுப்பதும் மட்டும்தான் அதன் குறைகள். அந்தக் குறைகளைத் தீர்க்கப் போனவர்கள் நல்லதையும் சேர்த்து எறிந்துவிட்டார்கள்.

இதை ஒழுங்காகச் செய்வதற்குப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. தள்ளும் சுவிச், ஒரேயொரு வெளிச்சம், அதுவும் 50 லூமன் அளவில் பரந்து விழும் மஞ்சள் சாயல். நல்லதொரு 18650 மின்கலம் அந்த அளவு வெளிச்சத்தை 20 மணி நேரமளவுக்குத் தாங்கும். கட்டில் தலைமாட்டுச் சுவரில் ஒரு தாங்கி, அதில் வைத்தாலே சார்ஜ் ஏற வேண்டும். தாங்கிக்கு வருவது 5 வோல்ற் மட்டுமாக இருந்தால் ஈரக் கைக்கும் பயமில்லை. ஊசிமுனைத் துவாரத்தைத் தேடிக் கேபிள் செருகுகிற வேலை அவர்களுக்கு வேண்டவே வேண்டாம். எப்போதும் தாங்கியில் இருப்பதால் கோடையிலும் பற்றரி வடியாது. கரண்ட் போனதும் தானாக எரிந்தால் அது எங்கே இருக்கிறது என்று தடவவும் தேவையில்லை. பாதுகாப்புச் சுற்று வெட்டுவதற்கு அரை மணி நேரத்துக்கு முன்னரே வெளிச்சம் குறைந்து எச்சரிக்கட்டும். குடை பிடித்த கையில் மாட்டிக்கொள்ள ஒரு நாடா, மேசையில் உருளாதபடி தட்டையான பக்கங்கள், மின்கலத்தை ஊர்க் கடையிலேயே மாற்றக்கூடிய மூடி. பாவிக்கும் முறையைத் தமிழிலும் சிங்களத்திலும் பெரிய எழுத்தில் நான்கு வரியில் எழுதிவிடலாம். இப்போது பெட்டிக்குள் வரும் தாளில் ஆங்கிலமும் சீனமும், அதுவும் எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில், எனக்கே வாசிக்க முடிவதில்லை.

கையில் போன் இருக்கிறதே, அதில் லைற் இருக்கிறதே என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் கரண்ட் வெட்டியபோது முதலில் செத்தது அந்தப் போன்தான். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி நாடு முழுவதும் கரண்ட் போனபோதும் போனில் மிச்சமிருந்த சார்ஜைப் பிள்ளைகளோடு பேசுவதற்கென்று பொத்திப் பொத்தி வைத்திருந்தார்கள். திரையைத் தடவி, படத்தைத் தேடி, லைற்றைப் போடுவது அம்மம்மாவால் முடியாத காரியம் என்பதை விட்டுவிடுவோம். விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் யாரையாவது கூப்பிட அவரிடம் இருப்பதும் அந்த ஒரு போன்தான். அதன் சார்ஜை ஏன் வெளிச்சத்துக்குக் கரைக்க வேண்டும்?

இப்போதைய விலையைப்போல் இருமடங்கு கேட்டாலும் கொடுப்பதற்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள். வாங்க ஆளில்லை என்று எவரும் சொல்ல வேண்டாம். அடுத்த ஐப்பசிக்கான சரக்கை இறக்குமதி செய்கிறவர்கள், மாதிரிக்கு வந்த ரோச் லைற்றைத் தங்கள் தாயாரின் கையில் கொடுத்து, ஒன்றும் சொல்லிக்கொடுக்காமல், அறையின் மின்குமிழை அணைத்துப் பார்க்கட்டும். அவரால் அதை எரிய வைத்து, முற்றத்துப் படியிறங்கித் திரும்பி வந்து, அணைத்து வைக்க முடியவில்லையென்றால் அந்தச் சரக்கைக் கப்பலில் ஏற்ற வேண்டாம்.