பொறிவண்டின் புழுவை நசுக்காதீர்கள்

பொது ரோஜாத் தோட்டங்களில் பூச்சிகளுக்கு எதிரான ரசாயனத் தெளிப்பை நிறுத்தலாம் என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்வது சரிதான். ஆனால் வேப்பெண்ணெய் தெளித்தால் போதும் என்று முடித்திருப்பது அவசரம். தளிரில் அசுவினி (சாற்றை உறிஞ்சும் சிறு பூச்சி) மொய்த்தால் முதலில் எறும்பைத் தேடுங்கள். அசுவினி சுரக்கும் இனிப்புநீருக்காக எறும்புகள் அதற்குக் காவல் நிற்கும், அசுவினியைத் தின்னும் பொறிவண்டுகளை அண்டவிடாது. எறும்பைத் தடுத்துவிட்டு, தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினாலே அசுவினி பெருமளவு உதிர்ந்துவிடும். காலையில் செய்யுங்கள், இலைகள் நெடுநேரம் ஈரமாகவே இருந்தால் கரும்புள்ளி நோய் வந்துவிடும்.

இன்னொன்று: பொறிவண்டின் புழு கறுப்பாக, ஆரஞ்சுப் புள்ளிகளுடன் குட்டி முதலைபோல இருக்கும். தீங்கு செய்யும் பூச்சி என்று நினைத்து அதை நசுக்குகிறார்கள். (நானும் ஒரு காலத்தில் நசுக்கியவன்தான்!) தழைச்சத்து (நைட்ரஜன்) உரத்தை அள்ளிக் கொட்டுவதை ஏன் கட்டுரை தொடவே இல்லை? அதனால் வளரும் கொழுத்த இளந்தளிர்தானே அசுவினிக்கு விருந்து!