மூக்கை நம்பி அமோனியா ஆலைக்குள் போகாதீர்கள்

அமோனியா ஆலை என்றாலே பலருக்கும் அந்த நெடிதான் பயம். எனக்கு அந்த நெடி ஒரு வரம். காற்றில் 300 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் 300 பங்கு) அளவை உயிருக்கு உடனடி ஆபத்து என்று வகுத்திருக்கிறார்கள். அதற்கு வெகு முன்பே கண்ணும் மூக்கும் எரிந்து, நின்ற இடத்தைவிட்டு நம்மை விரட்டிவிடும்.

ஆனால் மூக்குக்கு எட்டும் அமோனியாவைப் பற்றியே ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. "காற்றைவிட லேசானது, மேலே போய்விடும்" என்பார்கள். வாயுவாக மட்டும் இருந்தால் உண்மை. கலனிலிருந்து திரவமாகப் பீறிட்டால் கதை வேறு. மைனஸ் 33 டிகிரியில் கொதிக்கும் திரவம் அது. நுண்துளிகளோடு குளிர்ந்த மேகமாகி, தரையோடு படர்ந்து வரும். 1973 ஜூலையில் தென்னாப்பிரிக்காவின் பாட்செஃப்ஸ்ட்ரூம் உர ஆலையில் ஒரு சேமிப்புக் கலனின் முனை திடீரென உடைந்தது. ஏறக்குறைய 38 டன் அமோனியா வெளியேறி 18 பேர் இறந்தார்கள். உலோகம் நொறுங்கி உடைந்த விபத்து அது. வெல்டிங்குக்குப் பின் செய்ய வேண்டிய வெப்பப் பதப்படுத்தல் நடக்கவில்லை. இன்னொன்று: தேங்கிக் கிடக்கும் அமோனியா திரவத்தின் மேல் நேராகத் தண்ணீர் அடிக்காதீர்கள். தண்ணீரின் சூட்டில் அது இன்னும் வேகமாக ஆவியாகும். பறக்கும் ஆவிக்குத்தான் தண்ணீர்த் திரை.

சரி, இது நெடி உள்ளது. நான் உண்மையில் அஞ்சுவது நெடியே இல்லாதவற்றுக்கு. ஹைட்ரஜன் கசிந்து தீப்பிடித்தால் பகல் வெளிச்சத்தில் சுடர்கூடத் தெரியாது. கார்பன் மோனாக்சைடும் அப்படித்தான், சத்தமில்லாமல் வரும்.

மெத்தனேட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அமோனியா செய்யும் வாயுவில் மிஞ்சிய கார்பன் மோனாக்சைடை மீத்தேனாக மாற்றும் கலன் அது. உள்ளே இருப்பது நிக்கல் வினையூக்கி. ஓடும்போது நல்ல சூட்டில் இருப்பதால் தொல்லையில்லை. ஆலையை நிறுத்தும் ஷட்டவுனில் சூடு 200 டிகிரிக்குக் கீழே இறங்கும்போது கார்பன் மோனாக்சைடு தங்கியிருந்தால், நிக்கல் கார்போனைல் உருவாகும். மிகக் கொடிய நஞ்சு. அதனால் அந்தச் சூட்டுக்கு இறங்கும் முன்பே நைட்ரஜன் விட்டு வெளியேற்றுகிறோம். ஓர் ஆபத்து நீங்கியது. அப்புறம்? இப்போது கலன் முழுக்க நைட்ரஜன்.

நாம் சுவாசிக்கும் காற்றில் முக்கால் பங்குக்கு மேல் அதுதானே என்ற அலட்சியம்தான் ஆளைக் கொல்கிறது. ஆக்சிஜன் 10 சதவீதத்துக்கும் வெகுவாகக் கீழே போன இடத்தில் வேலைக்காகக் கலனுக்குள் இறங்கியவருக்கு ஓரிரு மூச்சிலேயே நினைவு தப்பிவிடும். மூச்சு முட்டாது. கார்பன் டை ஆக்சைடு கூடும்போதுதான் உடம்பு மூச்சுக்குத் தவிக்கும். ஆக்சிஜன் குறைவதை அது அவ்வளவாக உணராது. விழுந்தவரைத் தூக்க நண்பர் பதறி இறங்குவார், அவரும் விழுவார். மூடிய கலன் விபத்துகளில் இப்படிக் காப்பாற்றப் போய் இறந்தவர்கள் ஏராளம்.

இதனால்தான் கலனுக்கு வெளியே காவல் நிற்பவரைப் பற்றி இவ்வளவு பிடிவாதமாகப் பேசுகிறேன். பல இடங்களில் அதை வேலை தெரியாத, நேற்று வந்த ஒப்பந்தத் தொழிலாளிக்குக் கொடுத்துவிடுகிறார்கள். நடுவில் தேநீர் வாங்கி வரவும் அவரையே அனுப்புகிறார்கள். அந்த இடத்தில் அனுபவசாலி நிற்க வேண்டும். கையில் ஆக்சிஜன் மீட்டரும் வாக்கிடாக்கியும் வேண்டும். "நீயாக உள்ளே இறங்கக் கூடாது, கூப்பிடு" என்று ஒவ்வொரு ஷிப்டிலும் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். கலனுக்குள் இறங்க அனுமதி தரும் பெர்மிட்டில் கையெழுத்துப் போடுபவர், போடுவதற்கு முன் அந்தக் கலன்வாய் வரை நடந்து போய் அவர் அங்கே நிற்கிறாரா என்று பார்க்க வேண்டும்.