'தொடாதீர்கள்' பலகையும் பீங்கான் கேலரியும்

சந்தையில் மண்சட்டி வாங்குகிறவர்கள் விரலால் சுண்டிப் பார்க்காமல் காசு கொடுப்பதில்லை. கணீரென்று கேட்டால் நன்றாக வெந்த சட்டி. மொத்தென்று கேட்டால் எங்கோ கீறல், இல்லையென்றால் சூளையில் வேகவில்லை. அதே ஆள் பீங்கான் கேலரிக்குள் நுழைந்தால் 'தொடாதீர்கள்' என்கிறது பலகை. சரி, தொடவில்லை. அப்படியானால் சுண்டிப் பார்க்கும் வேலையைக் கேலரிதானே செய்திருக்க வேண்டும்?

புதுச்சேரியில் பீங்கான் கலைஞர்கள் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற பட்டறையைத் தொடங்கியது 1971-ல். ஜெய்ப்பூர் ஜவாஹர் கலா கேந்திராவில் முதல் இந்திய செராமிக்ஸ் டிரைனியல் என்ற பீங்கான் கலைக் கண்காட்சி நடந்தது 2018-ல். செய்பவர்களும் இருக்கிறார்கள், பார்க்க வருபவர்களும் இருக்கிறார்கள். குறை, பொருளுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் சீட்டில்தான். தலைப்பு கவிதையாக இருக்கும், விலை இருக்கும், வேறொன்றும் இருக்காது. எந்த மண், எத்தனை டிகிரியில் சுட்டது, இதில் சாப்பிடலாமா, தண்ணீர் நிற்குமா என்ற நான்கையும் எழுத இரண்டு வரி போதும். டெரகோட்டா 1000 டிகிரி செல்சியஸை ஒட்டிச் சுடுவது, கல்போல இறுகும் ஸ்டோன்வேர் 1200-க்கு மேல். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருந்தாலும் வீட்டில் நடந்துகொள்ளும் விதம் வேறு.

புதியவர்களின் பொருளைக் காட்சிக்கு எடுக்கும் முன் கேலரி செய்ய வேண்டிய சோதனைகளுக்குப் பெரிய செலவில்லை. பூச்சாடியில் தண்ணீர் நிரப்பிச் செய்தித்தாள் மேல் ஓர் இரவு வையுங்கள். காலையில் தாளில் ஈரவட்டம் இருந்தால் அது கசியும் சாடி, வாங்குகிறவரின் தேக்கு மேசை பாழ். இன்னும் துல்லியம் வேண்டுமானால் காய்ந்த கிண்ணத்தை எடை போட்டு, இரண்டு மணி நேரம் கொதிநீரில் வைத்து, ஆறவிட்டுத் துடைத்து மறுபடி எடை போடுங்கள். 500 கிராம் 510 ஆனால் 2 சதவீதம். புழங்கும் ஸ்டோன்வேருக்கு அது பரவாயில்லை. 525-ஐத் தொட்டால் 'சாப்பாட்டுக்கு' என்று எழுதாதீர்கள்.

கிளேஸுக்கு, அதாவது பொருள்மேல் சுட்டு ஏற்றிய கண்ணாடிபோன்ற பூச்சுக்கு, எலுமிச்சை. நறுக்கிய துண்டை அதன்மேல் ஓர் இரவு விடுங்கள். நிறம் மங்கினால் புளிக்குழம்பும் ஊறுகாயும் அதைக் கரைக்கும் என்று அர்த்தம். செம்பு அதிகம் போட்ட பளபளப்பில்லாத பச்சைகளைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். இதில் தேறிவிட்டதால் மட்டும் பத்திரம் என்று சொல்லிவிட முடியாது. ஈயம், காட்மியம் இருக்கிறதா என்பதற்கு ஆய்வகச் சோதனைதான் வழி.

மயிர்க்கோடு விரிசல் வேறு ரகத் தொல்லை. ஆறும்போது மண்ணைவிடக் கிளேஸ் கூடுதலாகச் சுருங்கினால் அது இழுபட்டு வலைபோல வெடிக்கும். நுண்துளை மிகுந்த மண்ணாக இருந்தால் ஈரம் உறிஞ்சிப் பருத்து, சில வாரம் கழித்தும் கிளேஸ் வெடிக்கும். சூளையிலிருந்து இறக்கிய மறுநாளே கேலரிக்கு வந்த பொருளில் அது தெரியாது. அதனால் ஒரு தொகுப்புக்கு ஒன்றைப் பலி கொடுங்கள்: ஃப்ரீசரில் ஓர் இரவு, எடுத்தவுடன் கொதிநீர், இப்படி மூன்று முறை. பிறகு மை தடவித் துடைத்தால் கோடுகள் இருப்பது தெரிந்துவிடும். அலங்காரத்துக்கென்று வேண்டுமென்றே வரவழைத்த விரிசல் அழகுதான். அதையும் சீட்டில் சொல்லிவிடலாமே.

வடிவத்தில் புதியவர்கள் சறுக்குவது பெரும்பாலும் மூடியிலும் அடியிலும். மண் சுமார் 12 சதவீதம் சுருங்கும்; சுடாத ஈர மண்ணில் 10 செ.மீ. இருந்த வாய், சுட்டபின் 8.8 தான். மூடியை வேறொரு நாள் வேறு ஈரப்பதத்தில் செய்தால் பொருந்தாது. மூடியைச் சுற்றிவிட்டுப் பாருங்கள், ஆடினால் திருப்பிக் கொடுங்கள். அடிவட்டத்தை உள்ளங்கையில் உரசிப் பாருங்கள். சொரசொரப்பு இருந்தால் உப்புத்தாளை நனைத்துத் தேய்க்க ஐந்து நிமிடம் ஆகும், அதைச் செய்ய ஏனோ பலருக்கு மனசு வருவதில்லை.

விலை பற்றி ஒன்று. 800 ரூபாய்க் கோப்பையில் கேலரி பாதி எடுத்தால் செய்தவருக்கு 400. பத்தில் இரண்டு சூளையில் போனால் சராசரி 320. இரண்டு முறை சுட்ட செலவும் மண், கிளேஸ் செலவும் இதற்குள்ளேதான். 'ஒரு கப் 800-ஆ' என்று கேட்பவருக்கு இந்தக் கணக்கைச் சொல்லும் கடமை கேலரிக்கு உண்டு.

தொடும் ஆசைக்கும் வழி இருக்கிறது. ஒவ்வொரு கலைஞரிடமும் கிளேஸ் ஓடியதோ வாய் கோணியதோ ஒன்று வாங்கி, வாசல் மேசையில் வையுங்கள். வருகிறவர்கள் எடை பார்க்கட்டும், சுண்டட்டும். மற்றவை விழாமலிருக்கப் பீடத்துக்குள் மணல் மூட்டை, பொருளின் அடியில் துளி மெழுகு. அப்படியும் கேலரியில் இருக்கும்போது ஒன்று உடைந்தால் நஷ்டம் கேலரியுடையது என்பதைப் பொருளை வாங்கி வைக்கும் நாளிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.