ஸ்டார்கேட் பணம் அமெரிக்க வரிப்பணம் அல்ல

அமெரிக்க அரசு தன் மக்களின் வரிப்பணத்திலிருந்து 50,000 கோடி டாலரை சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனத்துக்கு வழங்கியதாகப் பரவும் செய்தி தவறானது. செயற்கை நுண்ணறிவுக்கான கணினிக் கட்டமைப்பை அமெரிக்காவில் உருவாக்கும் ஸ்டார்கேட் திட்டம் 2025 ஜனவரி 21 அன்று வெள்ளை மாளிகையில், அதிபர் டிரம்ப் முன்னிலையில் அறிவிக்கப்பட்டதே இக்குழப்பத்துக்குக் காரணமாக இருக்கலாம். அத்தொகை, தரவு மையங்களை அமைக்க நான்கு ஆண்டுகளில் முதலிட உத்தேசிக்கப்பட்டதே தவிர, அன்றே கைமாறிய பணம் அல்ல. தொடக்க முதலீட்டாளர்களாக ஜப்பானிய முதலீட்டு நிறுவனமான சாப்ட்பேங்க், ஓப்பன்ஏஐ, அமெரிக்க மென்பொருள் நிறுவனமான ஆரக்கிள், அபுதாபியின் எம்ஜிஎக்ஸ் ஆகியவை அறிவிக்கப்பட்டன. நிதிப் பொறுப்பு சாப்ட்பேங்கிடம் இருந்தது.

ஆனால் அரசுப் பணமே இதில் இல்லை என்று மறுப்பதும் சரியன்று. எம்ஜிஎக்ஸ், அபுதாபி அரசின் முதலீட்டு நிதியமான முபாதலாவும், செயற்கை நுண்ணறிவு நிறுவனமான ஜி42-வும் தொடக்கப் பங்காளிகளாக இணைந்து 2024இல் தொடங்கிய முதலீட்டு நிறுவனம். மானியம் போலன்றி, முதலீடு உரிமைப் பங்கையும் இலாப எதிர்பார்ப்பையும் உடன் கொண்டுவருகிறது என்பதால், எந்த அரசின் பணம் என்ற கேள்வியைத் துல்லியமாகக் கேட்பது மிகவும் அவசியம்.