ஒரு தேங்காய்க்கு எத்தனை அமைச்சர்?

2024 ஜூன் 9, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறையில் பெரியப்பா வீட்டுக் களத்தில் காயப்போட்ட கொப்பரையைக் கூட்டி, தார்ப்பாய் இழுத்து மூடிக்கொண்டிருந்தோம். மேற்கே வானம் இருட்டிக் கிடந்தது. திண்ணையில் டிவி, டெல்லியில் மத்திய அமைச்சர்கள் பதவியேற்பு. எங்க ஊரில் இது இரட்டை விசேஷம். மலையாளச் சேனல் கேரளத்துக்கு எத்தனை என்று எண்ணும், ரிமோட்டை அழுத்தினால் தமிழ்ச் சேனல் தமிழ்நாட்டுக்கு எத்தனை என்று எண்ணும். நாங்கள் ரெண்டுக்கும் கைதட்டலாம், ரெண்டு கணக்கிலும் வரமாட்டோம்.

"நமக்கு ரெண்டு பேருங்க!" என்றான் பக்கத்து வீட்டு மாப்பிள்ளை. சுரேஷ் கோபி, ஜார்ஜ் குரியன். ரெண்டு பேரும் இணையமைச்சர்கள், மலையாளத்தில் சகமந்திரி. பேரைக் கேட்டால் மந்திரிக்குப் பக்கத்திலேயே சரிசமமாக நாற்காலி போட்ட மாதிரி இருக்கும். அமைச்சரவைக் கூட்டத்தில் அவர்களுக்கு நாற்காலியே கிடையாது, கூப்பிட்டால்தான் போகலாம். தனிப்பொறுப்பு உள்ள இணையமைச்சர் என்றாலும் தன் துறை சங்கதி வரும்போது அழைத்தால்தான். அன்று பதவியேற்ற 72 பேரில் பிரதமரை விட்டுப் பார்த்தால் கேபினட் அந்தஸ்து 30 பேருக்குத்தான். நாட்டின் அமைச்சரவை என்பது அந்தச் சின்ன வட்டம்.

மாநிலக் கணக்கே எனக்குப் பிடிபடுவதில்லை. ஜார்ஜ் குரியன் பதவியேற்ற அன்று எந்த அவையிலும் உறுப்பினர் இல்லை. ஆறு மாதத்துக்குள் எம்.பி. ஆகிவிட வேண்டும் என்பது அரசியல் சட்டம் கொடுக்கிற அவகாசம், ஆகஸ்டில் மத்தியப் பிரதேசத்திலிருந்து மாநிலங்களவைக்குப் போனார். தமிழ்நாட்டுக்காரர் எல். முருகனும் மாநிலங்களவையில் மத்தியப் பிரதேசம்தான். நிர்மலா சீதாராமன் கர்நாடகம், ஜெய்சங்கர் குஜராத். அப்புறம் எந்த மாநிலத்துக்கு எத்தனை என்று எதை வைத்து எண்ணுவது? 1947இல் நேருவின் முதல் அமைச்சரவையில் நிதி அமைச்சர் ஆர்.கே. சண்முகம் செட்டியார். கோயம்புத்தூர்க்காரர், காங்கிரஸ்காரரும் இல்லை, அதற்கு முன் கொச்சி சமஸ்தானத்தின் திவான். எங்க சித்தூர்த் தாலூக்கா அப்போது கொச்சி ராஜ்ஜியம். அவரை எந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள்? (எங்க கணக்கில் என்று பெரியப்பா சொல்வார். சொல்லட்டும்.)

பதவியேற்பு என்பது கல்யாண வரவேற்பு மாதிரி. சீர்வரிசைப் பட்டியல் மறுநாள் வரும், இலாகா ஒதுக்கீடு. அதைத்தான் நான் உட்கார்ந்து படிப்பேன். காரணம், எங்க களத்தில் கிடக்கிற இந்தத் தேங்காய்.

காயை விளைவிக்கிற வரைக்கும் அது வேளாண்மை அமைச்சகம், சிவராஜ் சிங் சௌஹான். தென்னை வளர்ச்சி வாரியம் கொச்சியில் இருக்கிறது, அவர் துறைக்குக் கீழே. பாரையில் குத்தி மட்டையை உரித்த அந்த நொடியில் மட்டை வேறு அமைச்சகத்துக்குப் போய்விடுகிறது. நாரும் கயிறும் கயிறு வாரியம், அதுவும் கொச்சியில்தான், ஆனால் சிறு குறு தொழில் அமைச்சகம், ஜிதன் ராம் மாஞ்சி. கயா தொகுதிக்காரர். கயாவையும் கயிற்றையும் நான் அதுவரை சேர்த்து நினைத்ததே இல்லை. பருப்பைக் காயவைத்துக் கொப்பரையாக்கினால் அதற்கான ஆதரவு விலையை முடிவு செய்வது பொருளாதார விவகாரங்களுக்கான அமைச்சரவைக் குழு. 2024 பருவத்துக்கு அரவைக் கொப்பரை (எண்ணெய் ஆட்டுகிற கொப்பரை) குவிண்டாலுக்கு 11,160 ரூபாய். கொள்முதல் செய்யும் நாபெட் ஒரு கூட்டுறவு அமைப்பு, கூட்டுறவுக்கு 2021 ஜூலையிலிருந்து தனி அமைச்சகம், அமித் ஷா. இத்தனைக்கும் மேலே, தேங்காயெண்ணெய்க்குப் போட்டியான பாமாயிலின் இறக்குமதி வரி, அது நிதி அமைச்சகம். 2024 செப்டம்பரில் கச்சா பாமாயிலின் அடிப்படைச் சுங்கவரியைப் பூஜ்யத்திலிருந்து 20 சதவீதமாக ஏற்றினார்கள், 2025 மே கடைசியில் 10 ஆக இறக்கினார்கள். எங்க வியாபாரி அந்த ரெண்டு தேதியையும் தன் பெண்ணின் பிறந்தநாள் மாதிரி ஞாபகம் வைத்திருக்கிறார்.

இந்தப் பங்கு பிரிப்பு எல்லாம் 1961ஆம் வருடத்து அலுவல் ஒதுக்கீட்டு விதிகள்படி நடக்கிறது. நாடாளுமன்றத்தில் ஓட்டெடுப்பு வேண்டாம், பிரதமர் ஆலோசனையில் குடியரசுத் தலைவர் கையெழுத்து போதும். 2019இல் நீர்வளத்தையும் குடிநீரையும் சேர்த்து ஜல்சக்தி என்றாக்கியதும் அப்படித்தான். ஆழியாற்றிலிருந்து மணக்கடவு வழியாக எங்களுக்கு வருடத்துக்கு 7.25 டிஎம்சி வர வேண்டும். அது குறைகிற வருடம் மனு எழுதுகிறவர்களுக்கு முகவரி மாறியது, அவ்வளவே.

அமைச்சரவை மாற்றியமைப்பு என்றால் டிவிக்காரர்களுக்குத் தலைகள்தான் தெரியும். 2021 ஜூலை 7இல் 12 பேர் விலகினார்கள், 43 பேர் பதவியேற்றார்கள், அன்று முழுக்க அந்த எண்ணிக்கைதான் பேச்சு. 2003 அரசியல் சட்டத் திருத்தத்தின்படி அமைச்சர்கள் எண்ணிக்கை மக்களவை பலத்தில் 15 சதவீதம், அதாவது 81 பேர் வரை போகலாம். 81 பேரை வைத்துக்கொண்டு தேங்காயையும் மட்டையையும் ஒரே கூரைக்குள் ஏன் வைக்க முடியவில்லை என்பதுதான் என் கேள்வி. வரி நிதியிடம் இருப்பது நியாயம். மட்டையைப் பிரித்ததில் என்ன நியாயம்? மரம் ஒன்றுதானே?

ஒருமுறை எல்லைக்கு அந்தப்பக்கம் ஒரு கொள்முதல் நிலையத்துக்குப் பதினெட்டு மூட்டை கொப்பரை ஏற்றிப் போனோம். வீட்டிலிருந்து அரை மணி நேரம். சிட்டா, அடங்கல் கேட்டார்கள். கேரளத்துப் பட்டாவைக் காட்டினோம். அந்தத் தம்பி மரியாதையாகத்தான் சொன்னார், "இது செல்லாதுங்க". பெரியப்பா வண்டியைத் திருப்பும்போது மூட்டைகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வெளியில் நின்ற வியாபாரி சொன்ன விலைக்குப் போட்டுவிட்டு வந்தோம்.

இப்போது மாற்றியமைப்பு என்று டிவியில் ஒரு வதந்தி கிளம்பினாலே போதும். களத்திலிருந்து பெரியப்பா குரல் கொடுப்பார்: "யாரு உள்ள, யாரு வெளியன்னு அப்பறம் பாத்துக்கலாம். அந்த எண்ணெய் வரி யார் கைல இருக்குதுன்னு மட்டும் பாத்துச் சொல்லு கண்ணு."